பங்குனியில் கொட்டிய அருவி

ஜனங்களின் தபாலைப் பிரித்துப் பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுக்கும் சட்டம் ஒன்று வரப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ, குத்துக்கல்வலசை டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தார். பெஞ்சில் இருந்த இன்னொருவர், "எங்க வீட்டுக் கடுதாசியப் பிரிச்சா கவர்மெண்டுதான் அழும். கெணத்து மோட்டார் ரிப்பேரு, மாமியாச் சண்ட, மாட்டுக்குக் கழிச்சல். படிச்சிட்டுப் போட்டும்வே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் நாலு பேர் கூடின இடத்தில் என் வாய் திறக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் நான் குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில், ஒரு சின்ன லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சீசன் மாதங்களில் மட்டும் வந்து மேஜையில் உட்காருவார். மற்ற மாதங்களில் லாட்ஜும் நானும் குரங்குகளும்தான். பெருக்குவது, தண்ணீர் இறைப்பது, கொடியில் காயும் துணியைக் குரங்கு தூக்கிப் போகாமல் பார்ப்பது, போன் எடுப்பது. இதில் போன் எடுப்பதுதான் எனக்குப் பயமான வேலை.

அந்தக் கறுப்பு போனில் நம்பர் சுழற்றுகிற வட்டம் கிடையாது. எடுத்துக் காதில் வைத்தால் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஒரு பெண் குரல் "நம்பர்?" என்று கேட்கும். வெளியூரிலிருந்து யாராவது பேசினால் அதே குரல், "மெட்ராஸ் லைன்ல இருக்கு, பேசுங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். அப்புறம் ஓர் இரைச்சல் வரும். மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துவிட்டால் இந்தப் பக்கம் ஒரு முழக்கம் கேட்குமே, அந்த மாதிரி. அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் பேசுவார். ராத்திரி முழுக்க ரயிலில் போனால்தான் எட்டக்கூடிய ஊரில் அவர் இருப்பார். அவருடைய மூச்சு என் காதில் படும். நான் எழுந்து நின்றுதான் பேசுவேன். உட்கார்ந்துகொண்டு கேட்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை.

பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "தண்ணி விழுதா?"

இதற்கு விழுது, விழவில்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அவன் குற்றாலத்துக்காரன் இல்லை. "ஐந்தருவில மூணு கிளை விழுது" என்போம். "பழைய அருவில பாறை நனையுது, அவ்வளவுதான்" என்போம். அளவாக விழுந்தால், "வாங்க, நல்லாக் குளிக்கலாம்." ரொம்ப விழுந்தால், "இப்ப வராதீங்க." இந்தக் கடைசிப் பதில் மட்டும் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தண்ணீர் கொட்டினால் நல்லதுதானே என்பார்கள். பெரிய அருவிக்கு முன்னால், குளிக்கிற இடத்துக்கு மேலே கட்டியிருக்கிற ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் கூடவே கல்லும் கட்டையும் வரும். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார். தலையில் எண்ணெயோடு வந்தவர்கள் எண்ணெயோடு திரும்பிப் போவார்கள். கொட்டுகிற தண்ணீரைத் தூர நின்று பார்க்கலாம், கிட்டே போக முடியாது.

போனில் பொய் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நான் தினமும் காலையில் போய் அருவிகளைப் பார்த்துவிட்டு வருவேன். சீசன் இல்லாத மாதங்களிலும் போவேன். பழகிவிட்டது.

எமர்ஜென்சி வந்து அடுத்த தை மாதம் முடிகிற சமயம். தென்காசியிலும் சிலரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். சிலர் அதற்கு முன்பே எங்கேயோ போய்விட்டிருந்தார்கள். முதலாளி ஒரு நாள் திடீரென்று வந்தார்.

"ஏலே, வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒரு அக்கா வரும். மத்தியானம் அதுக்கு போன் வரும். எடுத்துக் குடு. என்ன ஏதுன்னு கேக்காத."

"சரி அண்ணாச்சி."

"நீ எங்க கேக்கப் போற. ஒங்கிட்ட ஒரு வார்த்த வாங்கதுக்குள்ள எனக்கு மூணு தும்மல் வந்துரும்" என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அந்த அக்கா தென்காசியில் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். வீட்டுக்காரர் பீடித் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றவர், இப்போது ஆளைக் காணோம், போலீஸ் தேடுகிறது. ஒரே ஒரு பெண் பிள்ளை. இதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்தது. அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். போன் அடித்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"ஆமா அண்ணாச்சி, குத்தாலம் லாட்ஜுதான். ஐந்தருவில ரெண்டு கிளை விழுது. பெரிய அருவில அளவா விழுது, நல்லாக் குளிக்கலாம். சிற்றருவி தெளிஞ்சு விழுது, பிள்ளைங்க போடுத ஆட்டம் தாங்கல."

நான் திகைத்துப்போனேன். அது மாசி மாதம். காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஐந்து கிளையும் காய்ந்து, பாசி கருகி, தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போனை வைத்ததும், எனக்கே ஆச்சரியமாக, நான் முந்திக்கொண்டு பேசினேன்.

"அக்கா, தண்ணி சொட்டுக்கூட இல்லையே."

"தெரியும் தம்பி."

"நம்பி வந்து ஏமாந்துருவாங்களே."

"வர மாட்டாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம்கூட வந்தது. லாட்ஜுக்குக் கெட்ட பெயர் ஆகுமே என்று இரண்டு வாரம் மனசுக்குள் முணுமுணுத்தேன். அதற்கடுத்த வாரம் அவர் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. தையல் மிஷினைக்கூடக் கழற்றிப் பார்த்தார்களாம். அந்த வெள்ளிக்கிழமை அக்கா கண் சிவந்து வந்தார். போனை வாங்கினார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"வராதீங்க அண்ணாச்சி. பெரிய அருவில ஆர்ச்சத் தாண்டிக் கொட்டுது. ஒருத்தரையும் கிட்ட விடல. சிற்றருவி மட்டும் எப்பவும் போல தெளிஞ்சு கெடக்கு."

அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பெரிய அருவி என்பது அவர்கள் வீடு. அங்கே ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்றால் போலீஸ் வந்து நிற்கிறது. அளவாக விழுகிறது என்றால் பயமில்லை. சிற்றருவி அவர்களுடைய பெண் பிள்ளை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று ஊர்ப்பழக்கத்தில் மரியாதையாக அழைக்கிறாரே, அது அவருடைய வீட்டுக்காரரைத்தான்.

அன்று சாயங்காலம் நான் ஐந்தருவிக்குப் போய் அந்தக் காய்ந்த பாறைக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பொருளை ஒளிக்க வேண்டும் என்றால் நான் பரணில் வைப்பேன், அரிசிப் பானைக்குள் வைப்பேன். இவர்கள் ஊர் முழுக்க வாய்விட்டுச் சொல்கிற பேச்சுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பி எத்தனை ஊரைத் தாண்டிப் போகிறது! வழியில் எத்தனை எக்ஸ்சேஞ்ச்! எந்த இடத்தில் யார் காது கொடுத்தாலும் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற செய்திதான் கேட்கும். தண்ணீர் இல்லாத பாறையைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்த வாரம் அக்கா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஐந்து வயசு இருக்கும். வந்ததும் வராததுமாக, "மாமா, இந்தப் பெட்டிக்குள்ள யாரு இருக்கா?" என்று கேட்டது. "ஒருத்தரும் இல்ல" என்றேன். "பொய்யி. எங்கம்மா பேசுதாள்லா?" அது குரங்கைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டது. போன் வந்தபோது வாசலில் நின்று, "ஏ குரங்கே, எங்க வீட்டுக்கு வாரியா? ஒனக்குப் பாவாட தச்சுத் தாரேன்!" என்று கத்திக்கொண்டிருந்தது. அக்கா பேசாமல் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து வாசல் பக்கமாக நீட்டிப் பிடித்தார். பிள்ளை கத்துகிற மட்டும் பிடித்துக்கொண்டே நின்றார். மறுபடி காதில் வைத்து, "கேட்டுதா அண்ணாச்சி? சீசன் சத்தம்" என்றார்.

நான் தண்ணீர் இறைக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டேன்.

பங்குனியில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. முதல் வாரம், "காய்ச்சல் எறங்க மாட்டேங்கு தம்பி" என்று அக்காவே சொன்னார். அவர் தானாக என்னிடம் சொன்ன முதல் விஷயம் அதுதான். டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போன் வந்தது. நான்தான் முதலில் எடுத்தேன். எக்ஸ்சேஞ்ச் அம்மா வழக்கம்போல, "லைன்ல இருக்கு" என்றவர், விலகிக்கொள்ளாமல், "இன்னைக்கு லைன் மெலிஞ்சுதான் கேக்கும். சத்தமாப் பேசுங்க" என்றார். எந்த நாளும் அப்படிச் சொன்னவர் இல்லை. சொல்லும்போதே அவர் குரலும் பாதியாகத்தான் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை இரண்டு பேர் குடிக்கிற மாதிரி.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்து ஒரு கணம் கேட்டார். முகம் மாறியது.

அந்தப் பக்கம் இருந்தவர் சத்தமாகப் பேசினார். ஸ்டூல் வரைக்கும் கேட்டது. "சிற்றருவி எப்படி இருக்கு? அது போதும்னா கெளம்பி வாரேன்."

"சிற்றருவி கொஞ்சம் கலங்கி வருது அண்ணாச்சி. மத்த அருவில தண்ணி ரொம்பக் கம்மி. இப்ப வராதீங்க. வந்தா வீணாப் போவும்."

"கலங்கலா? எவ்வளவு கலங்கல்?"

"தெளிஞ்சிரும்."

பேசிவிட்டு அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். "மூணாவது ஆளு ஒண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு தம்பி" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஜீப் வந்தது. இறங்கினது இரண்டு பேர். ஒருவர் மேலே இருந்து வந்த அதிகாரி, நம் பக்கத்து ஆள் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. மற்றவர் எங்கள் ஏட்டையா. சீசன் தோறும் பெரிய அருவியில் ஆர்ச்சுக்குப் பக்கத்தில் விசிலோடு நிற்பவர். என்னை நன்றாகத் தெரியும். தெரிந்த மாதிரிக் காட்டவில்லை.

"சீசன் எப்பப்பா?" என்றார் அதிகாரி.

"ஆனி, ஆடி சார்."

"இப்ப தண்ணி விழுதா?"

"இல்ல சார்."

"அப்ப அந்தம்மா போன்ல எந்தத் தண்ணியப் பத்திப் பேசுது?"

"தெரியாது சார்."

அவர் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. மேஜை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, யோசித்து யோசித்துக் கேட்டார். புத்திசாலியான மனிதர். "தண்ணி விழுந்தா இங்க ஆள் வருமா?"

"வரும் சார்."

"கம்மியா இருந்தா?"

"வர மாட்டாங்க சார்."

அவர் ஏட்டையாவைப் பார்த்துச் சிரித்தார். "அவ்வளவுதான்யா. தண்ணி இருக்குன்னா வா. இல்லேன்னா வராதே. இதுக்குப் போய் ரெண்டு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டோம்."

"ஆமாய்யா" என்றார் ஏட்டையா.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. காக்கியைக் கண்டால் எனக்கு அதற்கு மேல் வார்த்தை வராது. ரொம்ப விழுந்தால் என்ன என்று அவர் கேட்டிருந்தால் அதையும் சொல்லித்தான் இருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் முன்கூட்டியே வந்து அறைக்குள் இருந்தார்கள். அக்கா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் கஞ்சித் தூக்கு இருந்தது. அதிகாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஓடவில்லை. தூக்கைக் கீழே வைத்தார்.

"உட்காரும்மா. எக்ஸ்சேஞ்சுல என் ஆள் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். நான் சொல்றத அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை மாத்தினாலும் இங்கிருந்தே ஜீப்புல ஏத்திருவேன். ஆஸ்பத்திரில இருக்கிற உன் குழந்தையை யார் பார்ப்பாங்கன்னு யோசிச்சுக்கோ."

"என்ன சொல்லணும் சார்?"

"எல்லா அருவியிலும் தண்ணி பிரமாதமா கொட்டுது, உடனே கிளம்பி வாங்க. இவ்வளவுதான்."

நான் ஏட்டையாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் முகத்தில் ஒரு சின்ன அசைவு. நான் அதை இன்னும் மறக்கவில்லை. "எல்லா அருவியிலயுமா சார்?" என்று கேட்டார்.

"எல்லாத்துலயும். கொட்டோ கொட்டுன்னு கொட்டுதுன்னு சொல்லு."

"பெரிய அருவிலயும்?"

"அதான் எல்லாம்னு சொல்றேன்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராதே, போலீஸ் வந்து நிற்கிறது என்பதை அரசாங்கமே அவருக்கு வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அக்காவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏன் என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது.

அவர் ரிசீவரை எடுத்தார். ஒரு வார்த்தை மாற்றவில்லை. "எல்லா அருவிலயும் தண்ணி பிரமாதமாக் கொட்டுது அண்ணாச்சி. பெரிய அருவி, ஐந்தருவி, எல்லாத்துலயும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஒடனே கெளம்பி வாங்க."

இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தக் குரல், "சிற்றருவிலயுமா?" என்றது.

அதுதான் அக்காவுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. பெரிய அருவி கொட்டினால் போலீஸ். சிற்றருவியும் சேர்ந்து கொட்டினால் பிள்ளை கையை விட்டுப் போகிறது. ஆமாம் என்றால் அந்த மனிதர் போலீஸும் பார்க்க மாட்டார், ஜெயிலும் பார்க்க மாட்டார், கிளம்பி வந்துவிடுவார். அன்றைக்கு உண்மையிலேயே பிள்ளை நினைவில்லாமல் பிதற்றிக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் நான் கண்டது, அக்கா கீழே இருந்த கஞ்சித் தூக்கைப் பார்த்ததை மட்டும்தான்.

அதிகாரி சீக்கிரம் என்று சைகை காட்டினார்.

"சிற்றருவி எப்பவும் போலத்தான் அண்ணாச்சி" என்றார் அக்கா. "நல்லாத் தெளிஞ்சிட்டு. பிள்ளைங்க குளிக்கி. அத நெனச்சு ஒண்ணும் யோசிக்காதீங்க."

"நெசமாவா?"

"நெசமா."

"சரி" என்றது குரல். வைத்துவிட்டது.

அதிகாரி, "கடைசியில என்னமோ சேர்த்தியே?" என்றார். "குளிக்கலாம்னு சொன்னாத்தானே சார் வருவாங்க" என்றார் அக்கா. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வேகமாகக்கூடப் போகவில்லை. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். லாட்ஜ் அரசாங்கத்தின் கையில், கம்பி அரசாங்கத்தின் கையில், அவர் பேசின பேச்சும் அரசாங்கம் கொடுத்தது. எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிட்டு, ஒரு கஞ்சித் தூக்கோடு அந்த மனுஷி போய்க்கொண்டிருந்தார். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் சாதா உடுப்பில் ஆள் போட்டுக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அதிகாரி ஒரு தடவை லாட்ஜுக்கு வந்து ஐந்தருவிப் பாறையைப் பார்த்துவிட்டு, "தப்பு என்னுதுதான்யா. பங்குனியில தண்ணி கொட்டாதுன்னு அவனுக்குத் தெரியாதா? அதான் சுதாரிச்சுட்டான்" என்றார். "ஆமாய்யா" என்றார் ஏட்டையா. அத்தோடு அதிகாரி வேறு ஊருக்குப் போய்விட்டார். லாட்ஜ் போனைக் கொஞ்ச மாதம் துண்டித்து வைத்தார்கள். அக்காவை நாலைந்து தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து அனுப்பினார்கள்.

அந்தச் சீசனில் ஒரு நாள் ஏட்டையா அருவிக்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவரே பேசினார்.

"என்னலே, வாயில கொழுக்கட்டையா? கேக்க வந்தத கேளு."

"ஒண்ணுமில்ல ஏட்டையா."

"தண்ணி கூடிட்டா ஆள வெளிய ஏத்துததுதான் என் வேல. ஊருக்கே தெரியும். அவரு எங்கிட்ட கேக்கல, நான் சொல்லல. போ, குரங்கு ஒன் துணியத் தூக்கிட்டுப் போவுது பாரு."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. முடி எல்லாம் கொட்டி, மொட்டையாக, ஈர்க்குச்சி மாதிரி நடந்து திரிந்தது என்று முதலாளி சொன்னார்.

எலெக்‌ஷன் முடிந்து எல்லாரும் வெளியே வந்த வருஷம், ஆனி மாதம், அந்த மூன்று பேரும் லாட்ஜுக்கு வந்தார்கள். அண்ணாச்சியை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். அந்தக் குரலுக்கு இவ்வளவு ஒல்லியான உடம்பை நான் நினைத்துப் பார்த்ததில்லை. பிள்ளை குரங்கைத் தேடி வெளியே ஓடியது. அண்ணாச்சி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ரெண்டு பேருக்கும் டீ வாங்கி வந்து வைத்தேன்.

"தம்பி, அன்னைக்கு நீ இங்கனதான் நின்னியா?" என்றார்.

"ஆமாண்ணாச்சி."

"கவர்மெண்டு காதுல மாட்டிக்கிட்டு கேட்டுச்சு. அதுக்குப் புரியல. நாங்க போட்ட பாஷ, நானும் கேட்டேன். எனக்கும்லா புரியல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பிள்ள சாவக் கெடந்துருக்கு. நான் மெட்ராசுல பரோட்டா தின்னுக்கிட்டு இருந்திருக்கேன், தெளிஞ்சிட்டுன்னு."

அக்கா ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். "சொல்லிருந்தா வந்திருப்பீங்க" என்றார்.

"வந்திருப்பேன்."

"ஆஸ்பத்திரி வாசல்லயே பிடிச்சிருப்பான். பிள்ளையப் பாத்திருக்க மாட்டீங்க."

"அது எம் பாடு. நான்லா முடிவு பண்ணணும்."

"நெசமாவான்னு கேட்டீங்க. நெசமான்னு சொன்னேன். அதச் சொல்லிட்டு பஸ்ஸுல நான் எப்படிப் போனேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தணிந்த குரலில், "இன்னும் என்னெல்லாம் எங்கிட்ட சொல்லாம வச்சிருக்க?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றார் அக்கா. "ஒண்ணொண்ணாச் சொல்லுதேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அத்தனை வெள்ளிக்கிழமையும் நான் அந்த அறையில்தான் இருந்தேன் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

நான் எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்தி, உள்ளே பேசுவது கேட்காத தூரத்துக்கு நடந்தேன்.